மனு வாங்கும் மாடி

அன்பு மனைவிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. குழாய்க்காரர் மூன்று முறை வந்தார், மூன்று முறையும் ஒரே சாமானை மறந்துவிட்டு வந்தார். மாடி வீட்டு அம்மா படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நீ எப்போது வருகிறாய் என்று கேட்கிறார். மகளுக்கு உடம்பு தேறியதும் என்கிறேன். பேரனுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார்.

நீ ஏன் வரவில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். விமான நிலைய வாசலில் பெட்டியைக்கூட என்னைத் தூக்க விடாமல் சொன்னாயே: "விசாரணையில போய் நடந்ததைச் சொல்லுங்க. சொன்ன மறுநாள் நான் வந்துடறேன். இல்லைன்னா அந்த வீட்டுல என்னால இருக்க முடியாது." விசாரணை வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அழைப்பாணை வந்துவிட்டது.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், அங்கே போனால் இதைத்தான் சொல்ல வேண்டும். பெரியவரிடம் நான் பதினான்கு வருடம் தனிச்செயலாளராக இருந்தேன். அமைச்சர் என்று பேர், தாமாகக் கையெழுத்துப் போட்ட கோப்புகள் சொற்பம். கோப்பைத் திறந்து பார்ப்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், "பாத்துக்கோப்பா" என்பார். அதுதான் உத்தரவு. வேகமாகக் கழற்றினால் ஆகட்டும், மெதுவாகக் கழற்றினால் வேண்டாம். மீதி என் பாடு. குறிப்பும் என்னுடையது, அவர் கையெழுத்தும் என்னுடையது. ஒருமுறை வங்கியில் அவரே போட்ட கையெழுத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, நான் போட்டதை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தப் படகுக் கோப்பு வந்தபோது அவர் வெளியூரில் காரில் இருந்தார். தகுதிச் சான்று முடிந்துபோன பயணிகள் படகு, ஆறு மாதம் நீட்டிக்கக் கேட்டிருந்தார்கள். தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "பாத்துக்கோப்பா" என்றார். கண்ணாடியை எப்படிக் கழற்றினார் என்று தொலைபேசியில் எப்படித் தெரியும்? திரும்பக் கேட்டிருக்கலாம். பதினான்கு வருடத்தில் நான் திரும்பக் கேட்டதில்லை, அதில் எனக்கு ஒரு பெருமை. போட்டுவிட்டேன். நாற்பதாவது நாள் படகு நட்டாற்றில் கவிழ்ந்தது. பதினேழு பேர்.

தார்மீகப் பொறுப்பு என்று சொல்லி அவர் பதவி விலகினார். அந்த அறிக்கையை எழுதியதும் நான்தான். வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அடுத்த வாரம், கீழே எவனோ போட்ட கையெழுத்து என்று பேச்சைக் கிளப்பி என்னைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அதற்கு யாரும் கைதட்டவில்லை. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பட்டம் வாங்கியவனை, ஐம்பத்தொரு வயதுக்காரனை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நம்ம பையன்" என்று அறிமுகம் செய்துவைத்தவர். நம் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை, டிரைவரிடம் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தனுப்பினார். இதையெல்லாம் நான் எண்ணிக்கொண்டே இருக்கிறேன் என்று நீ கோபித்துக்கொள்வாய். எண்ணாமல் இருக்க வேறு என்ன வேலை எனக்கு?

ஆறே மாதத்தில் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. மூத்த ஆலோசகர். எங்கே தெரியுமா? அந்தப் படகை ஓட்டிய அதே நிறுவனத்தில். சம்பளத்தைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

போன திங்கட்கிழமை அவரே கூப்பிட்டார். "ஒரு எட்டு வந்துட்டுப் போப்பா." முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். நீ நம்ப வேண்டும்.

அந்த நிறுவனத்தின் பதினோராவது மாடி. பணியாளர் பிரிவைப் பார்க்கும் ஒரு சின்னப் பெண் லிப்ட் வாசலில் காத்திருந்தாள். நம் மகள் வயதுதான் இருக்கும், நல்ல மரியாதை. நீளமான நடை, இரண்டு பக்கமும் கதவுகள். கதவுகளில் பெயர் இல்லை, துறை மட்டும் எழுதியிருந்தது. நீர்வளம், சிறை, பத்திரப்பதிவு. எல்லாம் பதவி போனவர்கள். ஒவ்வொருவர் போன காரணமும் எனக்குத் தெரியும், பாதிப் பேரின் விலகல் அறிக்கைக்கு நான்தான் மாதிரி எழுதிக் கொடுத்தவன். பதவியில் இருப்பவர்களை எடுக்க மாட்டார்களா என்று கேட்டேன். "அவங்களுக்கு நேரம் இருக்காதே சார்" என்றாள், கிண்டலே இல்லாமல்.

இவர்களுக்கு வேலை தொலைபேசியில் பேசுவது. பழைய அதிகாரிகளைக் கூப்பிட்டு, அந்தக் கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்பது. முதலில் நல்ல கண்ணாடி அறைகளாகத்தான் கொடுத்தார்களாம். "போன்ல அவங்களுக்குக் குரலே வரலை சார். கூப்பிட்டா மறுமுனையில வச்சுடறாங்க. அப்புறம் அவங்கவங்க பழைய ரூமை அப்படியே செஞ்சு கொடுத்தோம். குரல் வந்துடுச்சு." பெரியவர் அறைக் கதவை அவள் திறந்தாள்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதே அறை. அதே பச்சைத் திரை, அதே இடத்தில் தையல் விட்டிருந்தது. அதே மின்விசிறி, மூன்றாவது சுற்றில் அதே முனகல். நாற்காலிக்குப் பின்னால் அதே ஜன்னல், வெளியே தலைமைச் செயலகத்து மரம். கிட்டே போனால் அது படம், பின்னால் விளக்கு. நான்கு மணிக்கு வெயில் மஞ்சளாகும் என்றாள். கிளையில் ஒரு காக்கை இருந்தது. அது பறக்கும் என்று கொஞ்ச நேரம் நின்றேன், சொன்னால் சிரிப்பாய்.

மூலையில் என் மேசை. வலது விளிம்பில் ஒரு பள்ளம். எனக்கு வர வேண்டிய பதவி உயர்வை அவர் மைத்துனன் மகனுக்குக் கொடுத்த அன்று, அறையில் யாரும் இல்லை என்று நினைத்து, காகிதக்கல்லால் ஓங்கி அடித்தேனே, அந்தப் பள்ளம். விரலை வைத்துப் பார்த்தேன், அதே ஆழம். இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அமைச்சர் ஐயா நினைவிலிருந்து சொல்லச் சொல்லத் தச்சர் செய்தாராம். "உங்க மேசையைத்தான் சார் ரொம்ப நேரம் சொன்னார்."

அவர் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கேட்க வந்த நாலு வார்த்தையும் எனக்கு அங்கேயே மறந்துபோயிற்று.

வாசலில் பெஞ்சு போட்டு ஏழெட்டுப் பேர் மனுவோடு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் வந்ததும் எழுந்து நின்றார்கள். அவரும் பழையபடி ஒவ்வொருவரிடமாக வாங்கிக்கொண்டே வந்தார். ஆலோசகருக்கு எதற்கு மனு என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். சம்பளத்துக்கு வருகிறவர்களாம், காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை. வாசலில் ஆள் நிற்காவிட்டால் மறுபடியும் குரல் போய்விடுகிறதாம்.

கடைசியில் நின்ற அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். மற்றவர்கள் கையில் வெற்றுத்தாள், அவர் தாளில் மட்டும் நெருக்கமாக எழுத்து. என்னம்மா எழுதியிருக்கிறீர்கள் என்றேன். அந்தப் படகில் அவர் கணவர் போயிருக்கிறார். படகுக்கு அனுமதி கொடுத்தது யார் என்று தெரிவிக்கும்படி மனு. தினமும் புதிதாக எழுதுகிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அங்க செயலகத்து வாசல்ல நாலு மாசம் நின்னேன் சார், ஒருத்தரும் கைநீட்டி வாங்கலை. இங்க தினமும் வாங்கிக்கிறாங்க." குறையாகச் சொல்லவில்லை. நிம்மதியாகச் சொன்னார்.

பெரியவர் அதை வாங்கிப் படித்தார். "பாத்துக்கறேம்மா" என்றார். வேகமாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை என் பக்கம் நீட்டினார். "பாத்துக்கோப்பா."

நான் யோசிக்கவே இல்லை. என் மேசையில் உட்கார்ந்துவிட்டேன் என்பதே பிறகுதான் தெரிந்தது. பேனா கையில் இருந்தது. ஓரத்தில் ஆவன செய்யவும் என்று எழுதி, கீழே அவர் கையெழுத்தைப் போட்டிருந்தேன். யார் போட்ட கையெழுத்து என்று கேட்கிற மனுவில், அதே கையெழுத்து. மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கை என்னுடையதுதான், வலிக்கவும் இல்லை. அறை முழுக்க ஒரு நிம்மதி, முனகிக்கொண்டிருந்த மின்விசிறிகூட அடங்கிய மாதிரி.

இதுவரை யாரும் எழுத்தில் எதுவும் கொடுத்ததில்லை என்று அந்த அம்மா கும்பிட்டார். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை மட்டும் வேலைக்கு வரமாட்டேன், விசாரணைக்குப் போய் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

கிளம்பும்போது பெரியவர் என் நியமன உத்தரவைக் கொடுத்தார். நான் விசாரணைப் பேச்சை எடுத்தேன். அவர் காதில் விழுந்த மாதிரியே இல்லை. "வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்துடு. வெளியில அலையாதே" என்றார். பிறகு, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, "நீ இல்லாம எனக்குக் கை ஓடலைப்பா" என்றார். இதை உன்னிடம் மறைக்கக் கூடாது: எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானமாக இருக்கிறது.

வக்கீலைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், கள்ளக் கையெழுத்துப் போட்டதை நானே ஒப்புக்கொண்டதாகும், அவர் சொல்லித்தான் போட்டேன் என்பதற்குச் சாட்சி கிடையாது, ஏழு வருடம் உள்ளே இருக்க வேண்டியிருக்கும் என்றார். போகாவிட்டால்? "கையெழுத்து யாருதுன்னு தெரியலைன்னு எழுதி மூடிடுவாங்க. எல்லாரும் அதைத்தான் எதிர்பார்க்கறாங்க." அந்த அம்மா பையில் இருக்கும் தாளைப் பற்றி நான் வக்கீலிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதைக் காட்டினால், நான் எப்படிப் போடுகிறவன் என்பதோடு, யார் நீட்டினால் போடுகிறவன் என்பதும் வெளிவரும்.

நேற்றுத் தபால்காரர் ஒரு பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். இது உங்க பேர் இல்லையே சார் என்றார். அடித்துவிட்டு மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

பேரனுக்கு என் ஆசிகள். நன்றாகக் கத்தட்டும், அடக்காதீர்கள். மகளைக் குளிர்ந்த நீரில் கைவைக்க விடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ஒரே ஒரு உதவி. வியாழக்கிழமை இங்கே காலை எட்டரை மணிக்கு என்னைக் கூப்பிடு. உனக்கு அது தூங்குகிற நேரம் என்று தெரியும், பொறுத்துக்கொள். விசாரணைக்குப் போங்கள் என்று சொல்லாதே. யாராவது ஏதாவது சொன்னால் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டேன். எங்கே கிளம்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு நான் பதில் சொல்கிறவரை தொலைபேசியை வைக்காதே. எவ்வளவு நேரமானாலும் வைக்காதே.

உன் வரவை எதிர்பார்த்து,
உன் கணவன்