குன்ஹாவில் ஒரு ‘ஹ’

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து விடாத மழை. துணி காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. செம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது செருப்பு வார் அறுந்தது. நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்கு லேட். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

திரும்பி வந்தால் கோர்ட் சம்மன். தம்பி குணா பெயருக்கு. அடுத்த வியாழன் ஆஜராக வேண்டும்.

பொங்கல் கழிந்து வள்ளியூரிலிருந்து வந்தவன். இங்கே தாராவியில் ஒரு தோல்பை பட்டறையில் டெம்போ ஓட்டுகிறான். போன மாதம் மாட்டுங்கா மார்க்கெட் பின்னால் ஒன்வேயில் எதிராக விட்டுவிட்டான். ஸ்கூட்டரில் பிள்ளையோடு வந்த பெண் பிரேக் பிடித்துச் சாய்ந்திருக்கிறாள். யாருக்கும் அடியில்லை. ஆனால் மூலையிலேயே போலீஸ்.

"போர்டு மராத்தில எழுதிருக்கு. எனக்கு எப்படி யக்கா தெரியும்?"

வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இதுக்குப் போயி ஏன் இந்தக் குதி குதிக்க? ஒத்துக்கிட்டு ஃபைனக் கட்டிட்டு வரட்டும். ரெண்டு நிமிசம்" என்றார். இவருக்கு எல்லாமே ரெண்டு நிமிஷம்தான்.

எனக்கு அப்படி விட முடியவில்லை. ஆகஸ்டில் குணாவுக்கு ஸ்கூல் பஸ் வேலை. பஸ் சேட்டிடம் நான்தான் பேசி வைத்தேன். சேட் கேட்டது ஒன்றே ஒன்று: டிரைவர் பேரில் கேஸ் இருக்கக் கூடாது.

ஜூலை 5, சனி

மழை விட்டு விட்டு. கிளினிக்கில் நல்ல கூட்டம்.

கடைவாய்ப் பல் பிடுங்க ஒரு மாட்டுங்கா வக்கீல் வந்தார். ஊசி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். விடுவேனா. பாதி வாய் மரத்திருந்தும் சட்டம் பேசுவதில் குறைவில்லை.

"ஃபைன் சின்னதுதாம்மா. ஆனா ஒத்துண்டா அது கன்விக்‌ஷன். பேர்ல ஏறிடும். ஸ்கூல் பஸ்காராள்ளாம் தொடமாட்டா."

"அப்ப என்ன சார் செய்யணும்?"

"ஒத்துக்கலே, கபூல் இல்லைன்னு சொல்லச் சொல்லு. போலீஸ் நிரூபிக்கட்டும். கேஸ் இழுக்கும், இழுக்கட்டுமே."

கைக்குட்டையால் எச்சிலைத் துடைத்துக்கொண்டே சொன்னது, மறக்குமுன்:

பி.என்.எஸ்., அதாவது புதுக் குற்றவியல் சட்டம், பிரிவு 281. பொது ரோட்டில் கண்மண் தெரியாமல் ஓட்டுவது. ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். குணாவுக்கு இதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 184. ஆபத்தாக ஓட்டுவது. சிக்னல் தாண்டுவது, போனைக் கையில் பிடித்து ஓட்டுவது, எதிர்த்திசையில் போவது, எல்லாம் இதில். இதுவும் சம்மனில் இருக்கிறது.

185. குடித்துவிட்டு ஓட்டுவது. நம்மிடம் இல்லை, நல்லவேளை.

லைசென்ஸை சஸ்பெண்ட் செய்யவும் வழி உண்டாம். இதைக் குணாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வார் அறுந்த செருப்பு அப்படியே கிடக்கிறது. மீன் வாங்கவில்லை. குணாவுக்குப் பாடம்.

கோர்ட்டில் மராத்தியில் கேட்பார்கள்: "குன்ஹா கபூல் ஆஹே கா?" குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று. நான் ஜட்ஜ், அவன் பூண்டு உரித்துக்கொண்டு முன்னால்.

"குன்ஹா கபூல் ஆஹே கா?"

"ஆமா சார், நாந்தான் குணா."

"ஏலே, உன் பேரு இல்ல. குன்ஹா. குத்தம்."

"குணா."

"ன். ஹா."

"குணா."

அந்த ‘ஹ’ மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. காதிலும் விழவில்லை, வாயிலும் இல்லை. இவர் கட்டிலில் குப்புறப் படுத்துச் சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன்: "அங்க குணான்னு காதுல விழுந்ததும் நஹின்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

"நஹி, நஹி" என்று சொல்லிக்கொண்டே பூண்டை உரித்தான். நல்ல பிள்ளை. பயமாக இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை அவன். நானும்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன், ஜன்னலிலிருந்து அடுப்புக்கு. பால் பொங்கிவிட்டது.

சாயங்காலம் என் செருப்பை எடுத்து வைத்து வார் தைத்துக்கொண்டிருந்தான். பட்டறை ஊசி, பட்டறை நூல். தலை நிமிராமல் சொன்னான்.

"யக்கா, போர்டப் பாத்தேன்."

"எந்தப் போர்டு?"

"ஒன்வே போர்டு. செவப்பு வட்டத்துக்கு என்னத்துக்கு மராத்தி? சுத்திப் போனா நேரமாவும்னு விட்டுட்டேன். அந்தப் புள்ளயோட தண்ணி பாட்டிலு உருண்டு என் வீலுகிட்ட வந்து நின்னுச்சு. அது அழக்கூட இல்ல. என்னையே பாத்துச்சு."

"இத யாருட்டயும் சொல்லிராத."

"நாளைக்கு புள்ளயள பஸ்ஸுல ஏத்தணும்லா, யக்கா."

"அதுக்குத்தான் சொல்லுதேன். வாய மூடிட்டு நஹின்னு மட்டும் சொல்லு."

அவன் செய்ததற்குக்கூட எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் ஏன் சொன்னான் என்றுதான் கோபம். தெரியாமலே இருந்திருப்பேன். செருப்பைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத் தைத்திருக்கிறான், அதைச் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

லீவு. கோர்ட். வராந்தா முழுக்கக் குடைத் தண்ணீர், வழுக்கல். காலையில் போனது, மதியத்துக்கு மேல்தான் கூப்பிட்டார்கள்.

"குணா... குணாசேகர்!"

துள்ளி எழுந்தான். "நஹி சாப்!"

கிளார்க் நிமிர்ந்தார். "குணாசேகர் நஹி?"

"நஹி!"

ஆள் வரவில்லை என்று எழுதப் போய்விட்டார். ஆஜராகாவிட்டால் வாரண்ட் வரும். நான் பின்னாலிருந்து கத்திவிட்டேன். "ஏலே, அது உன் பேருல!" கோர்ட்டே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. அவன் காது சிவந்து நின்றான்.

மாஜிஸ்திரேட் அம்மா சிரிக்கவில்லை. கையமர்த்திவிட்டு, அவனுக்குப் புரிகிற மாதிரி நிதானமாக இந்தியில் கேட்டார். ஒன்வேயில் எதிராக வந்தாயா? கபூல் உண்டா, இல்லையா?

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு திரும்பிக்கொண்டான்.

"கபூல் ஹை, மேடம். போர்டு தேக்கா." போர்டைப் பார்த்ததையும் சொல்லிவிட்டான்.

இப்படிச் சொல்லும்படி யாராவது சொன்னார்களா என்று கேட்டார்.

"நஹி."

இந்த ‘நஹி’ மட்டும் சரியான இடத்தில் விழுந்தது.

அபராதம் போட்டார். லைசென்ஸ் தப்பித்தது. இன்னொரு முறை வந்தால் ஜெயில் என்று எச்சரித்து அனுப்பினார். குற்றவாளி என்று பதிவாகிவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது. இவர் சொன்ன மாதிரியே ரெண்டு நிமிஷம்.

பஸ்ஸில் டிக்கெட்டைக்கூடத் தனியாக வாங்கினேன்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

குணா நன்றாகச் சாப்பிட்டான், இரண்டாம் முறை ரசம் கேட்டு. குறட்டை விட்டுத் தூங்கி எழுந்தான். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மடித்த துணியைக் கலைத்துக் கலைத்து மடித்தேன். சேட்டிடம் சொல்லாமலே இருந்தால் என்ன? தானாகப் போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்? ஆகஸ்ட் வரட்டும், வேலையில் சேரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில் போன். அவனுடையது. சேட்.

"குடுல, நான் பேசுதேன்" என்று கை நீட்டினேன். தரவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

"சேட், ஏக் பாத் போல்னா ஹை. மைனே குன்ஹா கியா ஹை."

குற்றம் செய்தேன் என்கிறான். குன்ஹா. ‘ஹ’ வந்துவிட்டது.

சேட்டின் பதிலுக்காக இவன் போனைக் காதில் வைத்தபடி நிற்கிறான்.