கிழக்கு மூலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பர்கூருக்கு வந்துவிடு, மாடி அறையைக் கழுவி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நான் ராயக்கோட்டைக்கே திரும்பிவிட்டேன். கோபப்படாதே. டாக்டர் சொன்னதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

நாங்கள் நான்கு பேர் இந்தத் துறவற சபையைத் தொடங்கியபோது இங்கே ஒரு தக்காளித் தோட்டமும் தகரக் கொட்டகையும்தான் இருந்தன. "எத்தனை வருஷம் கான்ட்ராக்ட், சாமி?" என்று எங்களோடு ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பக்கத்துத் தோட்டத்து நாகப்பா கேட்டார். ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்கு வருகிற எல்லோரையும் அப்படித்தான் கேட்கிறார்கள். சாகும்வரை இதே இடத்தில் இருப்பதுதான் எங்கள் வார்த்தைப்பாடு என்றேன். அவர் நம்பவில்லை. கம்பெனிக்காரங்க நிலத்துக்கு நல்ல விலை கொடுத்தா இவங்களும் வித்துட்டுப் போயிடுவாங்க என்று டீக்கடையில் சொன்னாராம்.

போன வாரம் தோட்டத்தின் கிழக்கு மூலையைக் கல்லறைக்கு ஒதுக்கினோம். ஆயர் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தார். முதல் இடம் எது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. மற்ற மூவரும் என்னைப் பார்த்துவிட்டு உடனே தரையைப் பார்த்தார்கள். பாவம், அவர்களை ஏன் சங்கடப்படுத்த வேண்டும்? வேப்பமர நிழல் விழும் இடத்தை நானே காட்டினேன்.

நாகப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் முதல்முறையாக எங்கள் வாசலுக்கு வந்தார்.

"இந்த வருஷம் கிணத்தைச் சேர்ந்தே தூர் வாரிடலாம், சாமி" என்றார்.

அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் எனக்காக வைத்திருக்கும் இடத்தைப் பங்குச்சாமியாரிடம் திருப்பிக் கொடுத்துவிடு. கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாய். கொஞ்சம் முன்னாலேயே வா.

உன் அண்ணன்