டேப்பட் சத்தம்

நாகமலை புதுக்கோட்டை,
கார்த்திகை மாதம், ஞாயிறு.

அன்பு மகன் அசோக்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, உன் மதினி ஆர்த்திகா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அந்த டென்மார்க் குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய், நல்லபடியாக இருக்க அழகர் துணை இருக்கட்டும். போனில்தான் சொல்ல நினைத்தேன். உன் அண்ணன் சூர்யாவின் பேச்சை எடுத்தாலே சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். மடித்து வைத்தாலும் என்றைக்காவது எடுத்துப் படிப்பாய் அல்லவா.

சூர்யாவின் பைக்கை வித்துருங்கம்மா என்று போன மாதம் சொன்னாய். நானும் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன், அவர் எழுந்து வண்டிப் பக்கம் போய்விட்டார். காய்ச்சல் என்று அதில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவன் வரவில்லை, வண்டியை மட்டும் அவன் சிநேகிதர்கள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா தார்ப்பாயை விலக்கி அதை ஸ்டார்ட் பண்ணுவார், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நிறுத்துவார். அந்த டிக் டிக் சத்தம் உனக்கும் ஞாபகம் இருக்கும், தெருமுனையில் திரும்பும்போதே அவன்தான் என்று தெரிந்துவிடும். இன்ஜின் தலைக்குள் வால்வுக்கும் அதை அமுக்குகிற கேமுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டுமாம், அது கூடினால் அப்படித் தட்டும், டேப்பட் சத்தம் என்பார்கள். அடுத்த மாசம் பாக்கணும்மா என்று அவனே சொல்லிக்கொண்டிருந்தான், அடுத்த மாதம் அவன் இல்லை. அப்பா ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் என் கால் தானாக வாசலுக்குப் போய்விடும் தம்பி, தட்டில் தோசையை எடுத்து வைத்த பிறகுதான் அவன் இல்லை என்ற நினைவே வரும்.

இனி எழுதப்போவதை நீ நம்பாவிட்டாலும் பரவாயில்லை. புரட்டாசியில் ஒரு நாள் அப்பா திருமங்கலம் போயிருந்தார், வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. சரியாக விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த டிக் டிக் சத்தம் தெருமுனையில் திரும்பி வந்து நம் கேட்டில் நின்றது. ஸ்டாண்டு போடுகிற சத்தமும் கேட்டது. போய்ப் பார்த்தால் யாருமில்லை, தெருநாய் மட்டும் எழுந்து நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா கேட்டிலேயே உட்கார்ந்துவிடுவார் என்று பயந்தேன்.

இதற்கு நடுவில் ஆர்த்திகாவின் கம்பெனி பஸ் இந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. கப்பலூருக்கு இரண்டு பஸ் மாறிப் போய்ச் சீரழிந்தாள். கல்யாணமான புதிதில் யுனிவர்சிட்டி ரோட்டில் சூர்யாவே அவளுக்கு வண்டி பழக்கிவிட்டிருந்தான். நான் ஓட்டுறேன் மாமா, அதுக்கு முந்தி டேப்பட்டைச் சரி பண்ணணும் என்று அப்பாவிடம் சொன்னாள். ஒர்க்‌ஷாப் சின்னச்சாமி அண்ணன், கடைக்குக் கொண்டாங்க, ரெண்டு நாள் கெடக்கட்டும் என்றார். அப்பா கத்தினார் பார், வண்டி வாசலைத் தாண்டக் கூடாது, தாண்டிப் போன எம்புள்ள திரும்பி வந்தானா என்று. பிறகு நாங்கள் யாரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கடைசியில் ஆர்த்திகா, அப்ப வீட்டுலயே பாப்போம் அத்தே, அவுகளும் வீட்டுல வச்சுத்தான பாத்தாக என்றாள். அது உண்மைதான், முன்னே ஒரு தடவை அவன் இதே வேலையைப் போர்டிகோவில் உட்கார்ந்து செய்தபோது, நான் காலேஜ் லேபிலிருந்து ரிட்டயர் ஆன சமயம் வாங்கி வைத்த, கனம் அளக்கிற ஸ்குரூ கேஜில், இடைவெளியைச் சரிக்கட்டுகிற ஷிம் வில்லைகளை ஒவ்வொன்றாக அளந்து சொன்னது நான்தான்.

சனிக்கிழமை காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது ஆரம்பித்தோம். டேங்க்கை இறக்கி, பிளக்கைக் கழற்றி, மேல்மூடியை அவள் ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டி எடுத்தாள். எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூடி உட்காருகிற மூலையில் எண்ணெய் கசியாமல் இருக்கக் கறுப்புப் பசை தடவுவார்கள், அது ரப்பராக இறுகியிருந்தது, அதில் சூர்யாவின் விரல் ரேகை பதிந்திருந்தது. சுழி சுழியாக, இப்போதுதான் அழுத்தி எடுத்த மாதிரி. அதைச் சுரண்டி எடுத்தால்தான் புதுப் பசை ஒட்டும். அவள் பிளேடை எடுத்து எடுத்துக் கீழே வைத்தாள், என்னாலும் முடியவில்லை. உள்ளே படுத்திருந்த அப்பா எங்கள் சத்தமே இல்லாததைப் பார்த்து எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். தன் விரலை அதன்மேல் வைத்தார். பிறகு, பிய்யாம எடுத்துக் குடு ஆத்தா என்றார். ஆர்த்திகா நகத்தால் ஓரம் ஓரமாகக் கிளப்பி முழுசாக உரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள், அவர் கையை மூடிக்கொண்டு உள்ளே போனார், அதன்பிறகு எங்களைத் தடுக்கவில்லை.

இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தாள். காற்று உள்ளே போகிற பக்கத்து வால்வு இரண்டும் தொளதொளவென்று இருந்தன, சத்தம் அங்கேதான். ஆனால் புகை போகிற பக்கத்தில் ஒன்றில் இருப்பதிலேயே மெல்லிய தகடுகூட நுழையவில்லை. சின்னச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டபோது, தட்டுறதுக்கு அம்புட்டா பயப்பட வேணாம்மா, சத்தமில்லாம இறுகுச்சு பாருங்க, அது வால்வையே எரிச்சிருக்கும், நல்ல நேரத்துல தொறந்தீக என்றார். கேமைச் சுற்றுகிற செயினை உள்ளே விழாமல் கம்பியால் கட்டிவிட்டு, கேமைத் தூக்கி, சட்டைப் பொத்தான் போல இருக்கும் அந்த ஷிம்களைக் காந்தத்தால் எடுத்தாள். நான் அளந்தேன். தொளதொளப்புக்குக் கனம் கூடினது, இறுக்கத்துக்குக் கனம் குறைந்தது என்று கணக்குப் போட்டுச் சொன்னோம், நாளைக்குத்தான் கெடைக்கும் என்றார் அண்ணன். திறந்த இன்ஜினை அவனுடைய சுத்தமான வேட்டி ஒன்றால் மூடி வைத்தோம்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் போர்டிகோவில்தான் இருந்தோம். கேம் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம் கிடக்கிறது. தெருமுனையில் டிக் டிக் என்று திரும்பியது. ஆர்த்திகா என் கையைப் பிடித்தாள், உங்களுக்கும் கேக்குதா அத்தே என்றாள், அப்போதுதான் இத்தனை நாளாக அவளும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது. கேட்டில் வந்து நின்றது. அப்பா எழுந்துபோய்க் கேட்டை அகலத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றார், வண்டி உள்ளே வர வழி விடுகிற மாதிரி. ஈரக் காற்றுதான் வந்தது. வேட்டி அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டைச் சாத்திவிட்டு வந்து, யாரும் எதுவும் கேக்காதீக என்றார்.

மறுநாள் ஷிம் வந்தது, மாட்டினோம், கையால் சுற்றிச் சுற்றி மறுபடி அளந்தோம், எல்லாம் சரியாக இருந்தது. ஸ்டார்ட் பண்ணினாள். அவ்வளவு அமைதியான சத்தத்தை அந்த வண்டியில் நான் கேட்டதில்லை. அப்பா குனிந்து காதைக் கிட்டே வைத்துக் கேட்டார், நிமிர்ந்து, இது யாரு வண்டி என்று கேட்டார். ஆர்த்திகா சாவியைத் திருப்பி நிறுத்தினாள். நல்லதைச் செய்தோமா, அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினோமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஆர்த்திகா ஹெல்மெட்டோடு நின்றாள், அப்பா கேட்டுக்கு முன்னால் நின்றார். மாமா, நான் திரும்பி வருவேன் என்றாள். அவர் வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்துவிட்டார். அன்று பொழுது எப்படிப் போனது என்று எங்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் மழை. வண்டி வருவது இனி காதில் விழாதே என்று அப்பா குடையோடு ரோட்டிலேயே போய் நின்றார். வெளிச்சம்தான் முதலில் வந்தது. அவள் நனைந்து நடுங்கிக்கொண்டு இறங்கினாள், அப்பா குடையை அவளுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்து வந்தார்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது அந்த டிக் டிக் சத்தம் வந்தது. கேட்டை நெருங்கியது, மெதுவானது, நிற்கவில்லை. நம் வீட்டைத் தாண்டி மலைப்பக்கமாகப் போய்த் தேய்ந்து போனது. அப்பா, போறான் என்றார். ஆர்த்திகா துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில்கூட அழாதவள், வாய்விட்டு அழுதாள். அதன்பிறகு இன்றுவரை யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதி என்று எழுத முடியவில்லை தம்பி, அந்த நேரம் வந்தால் வீடு முழுக்கக் காதாக இருக்கிறது.

மார்கழியில் அவன் போய் வருஷம் திரும்புகிறது. தம்பியாக நீ இருந்து செய்ய வேண்டியது இருக்கிறது, இந்தத் தடவை லீவு இல்லை என்று சொல்லாதே. அப்பா கேட்க மாட்டார், நான் கேட்கிறேன். டிக்கெட் போட்டதும் மதினிக்கு ஒரு வார்த்தை சொல். ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்று படுக்காதே, பருப்புப்பொடி தீர்ந்திருந்தால் சொல், அனுப்புகிறேன். நீ நீண்ட ஆயுசோடு, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு இப்போது வேறு வேண்டுதல் இல்லை.

உன் வரவை நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
சுபலட்சுமி அழகுபாண்டி