வாசலில் கிடந்த செருப்பு

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். உங்கள் பழைய செருப்பை நான்தான் எடுத்து வந்தேன், அங்கே தேட வேண்டாம்.

"ஊருக்குப் புதுசு, ஆம்பளை துணை இல்லைன்னா யாரும் வீடு தரமாட்டாங்க. வாசல்ல ஒரு ஜோடி கிடக்கட்டும்" என்று புரோக்கர் சொன்னார். நீங்கள் வெளியூர் வேலையில் இருப்பதாக நானும் சொல்லிவைத்தேன்.

நேற்று ஓனரம்மா மாடியேறி வந்தார். "ஏம்மா, இந்தச் செருப்பு வெச்ச இடத்துலயே கிடக்கே. உன் புருஷன் வருவாரா, மாட்டாரா?"

பொய் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. "வரமாட்டார்மா. நானும் பாப்பாவும்தான். கையில தையல் வேலை இருக்கு, வாடகை தவறாது. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அதைத் தூக்கிப் போடு. கூட்டுறப்ப இடைஞ்சலா இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

போட்டுவிட்டேன்.

முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். ஒளிந்துகொள்ள நான் எதையும் திருடவில்லை, அந்தச் செருப்பைத் தவிர. வருவதானால் தாராளமாக வாருங்கள், வந்து கதவைத் தட்டுங்கள். அந்த வீட்டில் எங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவீர்கள். இங்கே தாழ்ப்பாள் உள்பக்கம். பாப்பாவுக்கே கை எட்டுகிறது.

இப்படிக்கு,
மாடி வீட்டுத் தையல்காரி