பின்கட்டடத்து ஏழாம் அறை

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இருபத்திரண்டு நாளாக நீ ஃபோன் செய்யும்போதெல்லாம் நான் பால்கனிக்குப் போய்விடுகிறேன், உன் அம்மா பேசி முடித்துவிட்டு வந்து, "உங்களையும் விசாரிச்சா" என்று ஒரு பொய் சொல்கிறாள், நீ விசாரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படி இருக்கிறாயா என்று கேட்கும் முகம் எனக்கு இல்லை, இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, பிளம்பர் இரண்டு முறை வந்து இரண்டு முறையும் வாஷரைத் திட்டிவிட்டுப் போனான். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. உன் அறைக்குள் தையல் மிஷினைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள், தைப்பதற்கு ஒன்றும் இல்லை, அங்கே உட்கார அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். விடுதி விண்ணப்பத்தின் விருப்ப வரிசையில் புதுக்கட்டடத்து நாலு பேர் அறைக்கு எதிரே ஒன்று என்றும், பின்கட்டடத்துத் தனி அறைக்கு எதிரே மூன்று என்றும் நீ எழுதியிருந்தாய். தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். நான் அதை அலுவலகத்துக்கு எடுத்துப்போய், பிளேடால் சுரண்டி, மூன்றை ஒன்றாகவும் ஒன்றை மூன்றாகவும் மாற்றினேன், குறிப்பு என்ற இடத்தில் ஏழாம் அறை என்றும் எழுதினேன். ஆமாம், நான்தான். விடுதி அலுவலகத்தில் அந்தத் தாளை எடுத்துக் காட்டியதுமே அது யார் கை என்று உனக்குத் தெரிந்துபோயிருக்கும், முப்பது வருஷமாகக் கட்டட வரைபடங்களில் அளவு எழுதி எழுதி என் எண்கள் அச்சடித்தது போல ஆகிவிட்டன. அன்றைக்கு நீ, "அப்பா, நீங்க மாத்துனீங்களா? ஆமா, இல்ல, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாய். நான் ஃபோனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். எனக்குக் கீழே பென்சில் சீவிக்கொண்டிருந்தவன் இன்று எனக்கு மேலே உட்கார்ந்து என் வரைபடங்களில் சிவப்பு மையால் சுழிக்கிறான், அவனிடம்கூட நான் இப்படிப் பம்மியதில்லை.

ஏன் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், நியாயப்படுத்துவதற்காக அல்ல. கல்லூரி வெளியிட்டிருந்த விடுதி வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, என் மேசையில் விரித்து, அளவுகோல் வைத்து ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். புதுக்கட்டடத்து அறையில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒன்றரை அடிதான், ஜன்னல் ஒன்றே ஒன்று, நேர் கீழே மெஸ், பாத்திரச் சத்தம் ஓயாது. ஏழாம் அறைக்கு இரண்டு பக்கம் ஜன்னல், காலை வெளிச்சம் மேசையில் விழும், குளியலறை தூரமும் இல்லை பக்கமும் இல்லை, மாடிப்படி எட்டும் தூரத்தில். அந்த வரைபடத்தின்படி இன்றைக்கும் அதுதான் நல்ல அறை. ஆனால் நான் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. உன்னைக் கொண்டுபோய் விட நான் வரவில்லை, ஏனென்றால் கார் உன் சித்தப்பாவுடையது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் புது வீட்டில் நாலு பேர் முன்னிலையில், "எங்க அண்ணனுக்கு வீடு வரையத் தெரியும், கட்டத்தான் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தானே, அதற்குப் பிறகு அவன் காரில் நான் கால் வைத்ததில்லை, இனியும் வைப்பதாக உத்தேசமில்லை. உன் பெட்டியை மாடிக்குத் தூக்கிப்போனவன் அவன்தான். திரும்பி வந்து அம்மாவிடம், "அண்ணி, அந்தப் பக்கம் ஆளே இல்ல. மத்த ரூம் எல்லாம் ஒடஞ்ச கட்டில் போட்டு பூட்டி வெச்சிருக்கு. புள்ள அங்க யார்கூடப் பேசும்?" என்றானாம். அம்மா அதை அப்படியே என்னிடம் சொன்னாள். அவன் வரைபடத்தைப் பார்த்தானா என்று நான் கேட்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் அன்றைக்கே விசாரித்திருப்பேன். அவன் சொன்னதனால் அது சரியாக இருக்கக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம், அந்தப் பிடிவாதத்துக்கு நீ ஆறு வாரம் அந்த அறையில் இருந்திருக்கிறாய். ஒரு நாள் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, கடையில் பேனா கேட்டதைத் தவிர என்று நீ அம்மாவிடம் சொன்னதைப் பால்கனியிலிருந்து கேட்டேன், அவள் ஸ்பீக்கரில்தான் போடுகிறாள், எனக்காகத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது முதல் குற்றத்தைவிட மோசம். அறை மாற்ற நீ அனுப்பிய விண்ணப்பம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. கீழே தபால் பெட்டியிலிருந்து நான்தான் எடுத்தேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும், இருபதாம் தேதிக்குப் பிறகு இந்த வருஷம் மாற்ற முடியாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. படித்துவிட்டு அலுவலக டிராயரில் வைத்துப் பூட்டினேன். அம்மா தினமும் தபால் வந்ததா என்று கேட்டாள், இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டால் நான் செய்தது தவறென்று நானே எழுதிக் கொடுத்தது போல ஆகும் என்று தோன்றியது. இந்த அறையில்தான் இருக்க வேண்டுமென்றால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று நீ சொன்னதையும் சும்மா மிரட்டல் என்றே எடுத்துக்கொண்டேன். புதுக்கட்டடத்தில் மூன்று பெண்கள் உனக்காக ஒரு கட்டிலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னபோது, யாருக்காக யார் கட்டில் பிடிப்பார்கள், கதை விடுகிறாள் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

முந்தாநாள் அலுவலகத்துக்கு ஒருவன் மாடி கட்ட அனுமதி கேட்டு வந்தான். வழுக்கைத் தலை, கையில் தடி. என் மேசை முன்னால் நின்று, "டேய் ஊமை! நீயாடா?" என்று கத்தினான், ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் பெயர் பீரங்கி, நாங்கள் வைத்த பெயர், காரணம் அந்தக் குரலேதான். முதலாண்டில் விடுதியில் நாங்கள் நாலு பேர் ஒரே அறை. என் அம்மா எனக்கு எழுதிய கடிதத்தை என் பெட்டியிலிருந்து எடுத்து, கட்டில் மேல் ஏறி நின்று, அவள் எழுதியதை அழுகிற குரலில் படித்துக் காட்டியவன் இவன்தான். மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு வார்டனிடம் போய்த் தனி அறை வாங்கினேன், அதன்பின் மூன்று வருஷம் அந்த அறையில் யாரையும் உள்ளே விடவில்லை. தனியாக இருந்ததால்தான் முதல் மாணவனாக வந்தேன் என்று உன்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். வந்தேன், உண்மைதான். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் நின்றதையும் சொல்லியிருக்க வேண்டும். பீரங்கி என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "உன் கட்டில அந்த வருஷம் பூரா யாருக்கும் குடுக்கலடா. வார்டன் கேக்கும்போதெல்லாம், வந்துடுவான் சார், வந்துடுவான் சார்னு சொல்லிட்டே இருந்தோம். உன் ரூம் கதவ எத்தன நாள் தட்டியிருப்போம், நீதான் தொறக்கவே இல்லயே" என்றான். தட்டினார்கள். நான் உள்ளேதான் இருந்தேன்.

நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அவன் வரைபடத்தில் மாடிப்படி அகலம் இரண்டு அங்குலம் குறைவு, திருத்தி வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன், குறைவு என்பதும் நிஜம். ஆனால் அவன் போன பிறகு டிராயரைத் திறந்து உன் விண்ணப்பத்தை எடுத்தேன்.

கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். இன்று பதினான்காம் தேதி, விரைவுத் தபாலில் சேர்த்தால் பதினேழுக்குள் உன் கைக்கு வந்துவிடும். வந்த அன்றே கொண்டுபோய்க் கொடு, அடையாள அட்டையின் நகலையும் சேர்த்துக் கொடு, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்காமல் நகராதே, அலுவலகங்களைப் பற்றி எனக்குத் தெரியும். அந்த மூன்று பெண்களும் எப்படிப்பட்டவர்களோ எனக்குத் தெரியாது. ஒருத்தி உன் சீப்பை எடுப்பாள், ஒருத்தி நீ படிக்கும்போது பாட்டுப் போடுவாள், ஏதோ ஒரு நாள் மூவரும் சேர்ந்து உன்னைப் பார்த்துச் சிரிக்கவும் கூடும். கோபம் வந்தால் முகத்துக்கு நேராகச் சண்டை போடு. பாயைச் சுருட்டாதே. யாராவது கதவைத் தட்டினால் திற. அம்மாவிடம் டிராயர் விஷயத்தை இன்று சொல்லிவிட்டேன், அவள் உன் அறைக்குப் போய் மிஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறாள், ஊசியில் நூல் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும், நாலு பேரோடு நாலு வார்த்தை பேசிச் சிரித்து, எங்களைவிட நல்லபடியாக வாழ வேண்டும். இருபதாம் தேதியை மறந்துவிடாதே.

கீழே இப்படிக்கு என்று எழுதிவிட்டு வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் கையெழுத்தில்லாத தாள் யாரையும் கட்டுப்படுத்தாது. விண்ணப்பத்தில் முழுக் கையெழுத்தும் தேதியும் இருக்கிறது, அது செல்லும். இங்கே அப்பா என்று போட்டால் அந்த ஒரு சொல்லுக்காகவே நீ பதில் எழுதியாக வேண்டும், ஃபோனில் என்னையும் கேட்டாக வேண்டும். அப்படி நீ கேட்பது எனக்கு வேண்டாம். அதனால் அந்த இடத்தை வெறுமனே விட்டு, இப்படியே ஒட்டித் தபாலில் சேர்க்கப் போகிறேன்.

இப்படிக்கு,