டெல்ஃப்டில் ஒரு பிற்பகல்

தி ஹேக்,
செப்டம்பர் 1920

அன்புள்ள ஃபெலிக்ஸ்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். எல்லையில் ரயிலை நெடுநேரம் நிறுத்திவைத்தார்கள். வேறு தொல்லை இல்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? விறகு கிடைத்ததா?

போர் முடிந்த பிறகு எங்கள் உளப்பகுப்பாய்வுச் சங்கத்துக்கு இதுதான் முதல் சர்வதேச மாநாடு. நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட நாட்டுக்காரர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து கனவுகளைப் பற்றிப் பேசுகிறோம். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு லண்டன் டாக்டர். முதல் நாள் முழங்கை படாமல் ஒதுங்கியே உட்கார்ந்திருந்தோம். சாப்பாட்டு மேசையில் டச்சுக்காரர்கள் வெண்ணெயைக் கட்டி கட்டியாக வைத்தார்கள். வியன்னாக்காரர்கள் நாங்கள் தலை நிமிராமல் சாப்பிட்டோம். லண்டன்காரர் தன் தட்டை என் பக்கம் தள்ளி, "எனக்குக் காலையில பசிக்கிறதே இல்ல, நீங்க சாப்பிடுங்க" என்றார். பொய் என்று தெரிந்தும் சாப்பிட்டேன்.

சுற்றி வளைத்து எழுதுகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நம் பெண் த்ரூடேயைப் பார்த்தேன்.

நேற்று ஒரு சொற்பொழிவின் நடுவே எழுந்து, டிராம் பிடித்து டெல்ஃப்ட் போனேன். போன குளிர்காலத்தில் கழுத்தில் பெயரட்டை மாட்டி, வியன்னாவின் பட்டினிப் பிள்ளைகளை ஹாலந்து வீடுகளுக்கு அனுப்பிய ரயிலில் நாம் ஏற்றிவிட்ட குழந்தையா இது? கன்னத்தில் சதை வந்திருக்கிறது. சத்தில்லாமல் வளைந்த அந்தக் கால்களோடு ஓடுகிறாள். அவளைத் தன் வீட்டில் வளர்க்கும் திருமதி ஹுக்ஸ்ட்ரா நல்லவர். என்னைக் கண்டதும் அவளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். த்ரூடே அவர் பாவாடையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் டச்சில் ஏதோ சொன்னாள். புரியவில்லை. பிறகு நம் மொழியில், விருந்தாளியிடம் கேட்பதுபோல, "நீங்க எப்ப ஊருக்குப் போறீங்க?" என்றாள்.

உன்னைக் கூட்டிப் போகத்தான் வந்தேன் என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அங்க இப்ப பால் கிடைக்குதா?"

குழந்தைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்று மேடையேறிப் பேசுகிறவள் நான். கிடைக்கவில்லை என்றேன்.

திருமதி ஹுக்ஸ்ட்ரா வாசல்வரை வந்தார். "வசந்தம் வரைக்குமாவது விட்டு வைங்கம்மா. இன்னொரு குளிர்காலத்த அவ அங்க தாங்க மாட்டா" என்று கெஞ்சினார். சரி என்றேன். உன்னைக் கேட்கவில்லை. அவள் இல்லாமல் வராதே என்று சொல்லித்தானே அனுப்பினாய்.

இன்று காலை என் கட்டுரையை வாசித்தேன். தாயைப் பிரிந்த குழந்தை எப்படி மறக்கிறது என்பது பற்றி. கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து, இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். தாள்களை அடுக்கிக்கொண்டே நின்றேன்.

ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, ஃபெலிக்ஸ். கடலோரம் நடக்கிறேன், திரும்புகிறேன், என்னை அறியாமல் டிராம் நிறுத்தத்தில் போய் நிற்கிறேன். புறப்படுவதற்குள் மனம் மாறி அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஞாயிறு மாலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா. எனக்குப் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்று பார்க்காதே. திட்டுவதை வீட்டுக்குப் போய்த் திட்டு. எங்கிருந்தாலும் அவள் நன்றாக இருக்கட்டும் என்று, முடிந்தால், நீயும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்.

உன்
ஓட்டிலி