உன் படையலில் ஒரு பாட்டில்

அண்ணே,

காலையிலிருந்து வீடெல்லாம் ஆட்டுக்கறி கொதிக்கும் வாசனை. இன்று உனக்கு முதல் வருசப் படையல். கறியை இலையில் வைக்க வந்தபோது பக்கத்தில் குவார்ட்டர் பாட்டில் ஒன்று இருந்தது. சித்தப்பா வைத்திருந்தார். "எம் மகன் ஆசைப்பட்டத வைக்கணும்ல தாயி" என்று கண் கலங்கினார். குசும்புக்கு வைத்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பாசத்தில் வைத்திருக்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மிளகாய்க் கொல்லை வரப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் நெற்றி முட்டக் குனிந்து கிடப்பாய். குனிந்தால்தான் வலி கொஞ்சம் அடங்கும். வழியே போகிறவர்கள் "பட்டப்பகல்லயே மப்பா" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். திருப்புல்லாணியில் உனக்குப் பேசி முடித்த சம்பந்தம் அந்தப் பேச்சில்தான் முறிந்தது. வலியைவிட அந்தக் கெட்ட பேர்தான் உன்னை அரித்தது.

மதுரை டாக்டரும் முதலில் எத்தனை வருசக் குடி என்றுதான் கேட்டார். தொட்டதே இல்லை என்றாய். பிறகு ஸ்கேனைக் காட்டி, கணையக் குழாயைக் கல் அடைத்திருக்கிறது, குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்றார். "இத எங்க ஊர்ல வந்து சொல்லுவீகளா டாக்டர்?" என்று கேட்டாய். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியிலிருந்தே அதிர்வு கொடுத்துக் கல்லை நொறுக்கினார்கள். வாய்வழியே குழாய் விட்டுத் துகளை எடுத்தார்கள். வலி விட்டது. கறிக்கொழுப்பு ஆகாது, செரிமானத்துக்கு ஒவ்வொரு சாப்பாட்டோடும் கேப்ஸ்யூல் என்றார்கள். "மாத்திரையப் போட்டுட்டுத்தான் கை நனைக்கணும், நல்ல பொழப்பு" என்பாய். அடுத்த மிளகாய்ப் பழம் எடுப்பதற்குள் உடம்பு வற்றிப்போனது. அதே கணையத்தில் புற்று என்றார்கள். உன்னைத் தூக்கிப் போகும்போது, "குடிச்சே போய்ட்டான்" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

இன்று நான் பாட்டிலை எடுக்கப் போனபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருந்துட்டுப் போகட்டும்டி. ஒருவேள நமக்குத் தெரியாம..." என்றாள்.

கையை உதறிக்கொண்டு போய்ப் பின்வாசலில் அதைக் கவிழ்த்தேன். அலமாரியில் உன் மாத்திரை அட்டை மிச்சம் இருந்தது. ஒரு கேப்ஸ்யூலைப் பிதுக்கிக் கறிக்குப் பக்கத்தில் வைத்தேன். பயப்படாமல் சாப்பிடு அண்ணே.

உன் சாவை விசாரிக்கிற எல்லோரிடமும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது: "கணையத்துல கல்லு. குடிக்கல." இன்று அதை அம்மாவிடம் சொன்னேன்.